ஒரே கீறல் உள்ள இரண்டு காசுகள்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு பேரானது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. குளியலறைக்குள் போனவர் ஒருவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் இருவர். துண்டு ஒன்றுதான் இருந்தது, அதனால் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மனைவி, ரயில் நிலையச் சாலையில் தையற்கடை வைத்திருப்பவள், அப்போது அடுப்படியில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் அலறவெல்லாம் இல்லை. இன்னொரு கோப்பையை எடுத்து வைத்து, அடுப்பை அணைத்து, அதன்பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். அன்று கடையில் கொடுத்தாக வேண்டிய கண்ணாடிகள் சில இருந்தன. வேலை கெடக்கூடாதென்று இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். செருப்பு ஒரு ஜோடிதான் இருந்தது என்பதால் வாசலில் ஒரு சிறு தகராறு வந்தது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காரணம் மூக்கன். மூக்கன் ஆள் அல்ல, காசு. பழைய ரோமானிய வெள்ளிக் காசு. அதில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் பேரரசர் ஒருவர். காசின் பாதியை அவர் மூக்கே எடுத்துக்கொண்டதால் தையற்காரி வைத்த பெயர் அது. கண்ணாடிக்காரருக்கு இந்த மாதிரிக் காசுகள் என்றால் உயிர். பார்வை மங்குகிறது என்று வந்தவர்களைக்கூடப் பிடித்து உட்கார வைத்து இதைத்தான் பேசுவார். முதலில் விற்கிற ஆளைப் பார்க்க வேண்டும், போலி என்று தெரிந்தால் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிறவரா என்று விசாரிக்க வேண்டும், இதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்டதும் மென்று விழுங்குகிறவரிடம் வாங்கவே கூடாது என்பார். மலிவாகக் கிடைக்கிறதே என்று பல்லை இளித்தால் தொலைந்தீர்கள் என்பார். சம்மட்டியால் அடித்துச் செய்த காசில் எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல நிற்கும். உருக்கி வார்த்த போலியில் அதுவே தண்ணீரில் கிடந்த சோப்பு மாதிரி வழவழத்துப் போயிருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி முனை அளவு குமிழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதியை ஒட்டிய கோடு ஓடும். இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கள் கண்ணாடியை வாங்காமலே வீடு திரும்பியவர்கள் உண்டு. கடைசியாக ஒன்று சொல்வார், அதற்கு மட்டும் விரலைத் தூக்குவார். நூறு காசை ஒரே அச்சில் அடித்திருக்கலாம், ஆனால் நூறும் ஒரே மாதிரி அடிபடாது. இரண்டு காசில் ஒரே கீறல் இருந்தால், ஒன்றை வைத்து இன்னொன்றை வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டையும் தொடாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

இவ்வளவு பேசியவர் மூக்கனை மட்டும் ஒருநாளும் லென்ஸில் வைத்துப் பார்த்ததில்லை. அது அவர் வாங்கிய முதல் காசு. ஒன்றும் தெரியாத வயதில், புகைப்படத்தில் மட்டும் பார்த்திருந்த பெண்ணை நேரில் பார்த்துக் கல்யாணம் பேச ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, எதிரில் இருந்த ஒரு வியாபாரியிடம் வாங்கியது. வாங்கிய கையோடு அசந்து தூங்கிவிட்டாராம். விழித்தபோது அவர் இறங்க வேண்டிய நிலையம் வந்திருந்தது. யாரோ ஒருவர் அவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். அந்தத் தலையை மெல்ல எடுத்து ஜன்னலோரம் சாய்த்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் குதித்து இறங்கி, அந்தப் பெண்ணைப் பார்த்து, அவளையே கட்டிக்கொண்டார். கல்யாணமான முதல் மாதத்தில் தையற்காரி, பாவம், புருஷன் இவ்வளவு அழுக்கான காசை வைத்திருக்கிறாரே என்று ஊசியால் அழுக்கைக் கிளறி எடுக்கப் போய், பேரரசரின் காதிலிருந்து கழுத்துவரை ஒரு கீறல் போட்டுவிட்டாள். பழைய காசைச் சுத்தம் செய்வது அதன் தோலை உரிப்பதற்குச் சமம். அவர் அழாத குறை. அந்த வாரக் கடைசியில் அவருக்கு முடி வெட்டிவிட்டபோது கத்தரிக்கோல் தவறி இடது காது மடலிலும் ஒரு சிறு வெட்டு விழுந்தது. மூக்கனுக்கும் எனக்கும் ஒரே இடத்தில் அடையாளம் போட்டுவிட்டாள் என்று பிற்பாடு அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் செய்த தவறு இதற்குப் பல வருஷம் கழித்து வருகிறது. வெயிலோ மழையோ குடையைக் கையில் பிடித்தபடியே திரியும் காசு வியாபாரி ஒருவர், குடைக்காரர் என்று பெயர், நல்ல படம் எடுத்துத் தருகிறேன் என்று மூக்கனை வாங்கிப்போய்க் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசுக் கண்காட்சியில், அதே குடைக்காரரின் தட்டின் ஓரத்தில் கண்ணாடிக்காரர் மூக்கனைப் பார்த்தார். தன் மூக்கன் தன் சட்டைப்பையில் இருக்கும்போதே பார்த்தார். காதிலிருந்து கழுத்துவரை அதே கீறல், தன் மனைவி ஊசியால் போட்ட அதே கீறல். தன் காசை வைத்து வார்த்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். அவருக்கோ வேறு பயம். இது இன்னொருவர் கைக்குப் போனால், என்றைக்காவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் என் மூக்கனையும் போலி என்பானே! பேரம் பேசாமல், பையில்கூடப் போடச் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டு வந்து, தன் காசோடு ஒரே டப்பாவில் போட்டு மூடினார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கப் போனார்.

முதலில் எல்லாருக்கும் ஒரே குழப்பம். இருவர் காதிலும் அந்த வெட்டு இருந்தது, இருவர் மோவாயிலும் சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு இருந்தது. தையற்காரி அளவு நாடாவை எடுத்துக் கழுத்து, தோள், கை எல்லாம் அளந்தாள். நூலளவு வித்தியாசம் இல்லை. கடைசியில் ஒருவர் சட்டையில் நீலப் பொத்தானும் மற்றவர் சட்டையில் வெள்ளைப் பொத்தானும் வைத்துத் தைத்தாள். அன்று மாலையே இருவரும் குளித்துவிட்டு வந்து எந்தச் சட்டை யாருடையது என்று தெரியாமல் விழித்தார்கள்; கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே நீலப் பொத்தான் யார், வெள்ளைப் பொத்தான் யார் என்பது அந்த முதல் நாளிலேயே போய்விட்டது. வாடிக்கையாளர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கண்ணாடிக் கடை மத்தியானத்தில் மூடுவது நின்றது, அது அவர்களுக்குச் சௌகரியமாகவே இருந்தது. முடிதிருத்துபவர் இரண்டு தலைக்குக் கூலி கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் படுக்கை ஏற்பாடு எப்படி என்று சிலர் தையற்காரியிடம் கேட்டார்கள். அவள் பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் அந்தக் கேள்வி தெருவிலேயே இல்லாமல் போயிற்று.

தையற்காரியின் தம்பி லாரி ஓட்டுகிறவன், வாயை அடக்கத் தெரியாதவன். அவன் வெளியூர் ஓட்டம் முடிந்து வந்து, வாசற்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வணக்கம் அத்தான்மாரே," என்றான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "ஏன் அத்தான், ரெண்டுல ஒரே கீறல் இருந்தா என்ன அர்த்தம்னு சொல்லுவீங்க? எனக்கு மறந்தே போச்சு." இருவரும் தட்டைப் பார்த்தார்கள். வெள்ளைப் பொத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினார். தம்பிக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது உறைத்தது. அக்கா அவனை முறைத்த முறைப்பில் அவனும் எழுந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் நீலப் பொத்தான் அவள் கடைக்கு வந்து, தைக்கப் போட்டிருந்த துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார். "நான்தான் போலின்னா சொல்லிடும்மா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா வார்த்தெடுத்ததுக்கும் எல்லாக் கீறலும் இருக்குமே. நான் போயிடறேன், வருத்தப்பட மாட்டேன்." வருத்தப்பட மாட்டேன் என்றவரின் கன்னம் நனைந்திருந்தது. அவள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே வெள்ளைப் பொத்தான் கொல்லைக் கதவருகில் காத்திருந்து, அதே வார்த்தைகளை அதே இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவரைப் போகச் சொல்ல வேண்டும் என்றால் எவரை? போகிறவர் தன் புருஷனாக இருந்துவிட்டால்? அன்றைக்குத்தான் அவர்கள் அந்த டப்பாவைத் திறந்து இரண்டு மூக்கன்களையும் அவளிடம் காட்டி, நடந்ததைச் சொன்னார்கள். காசில் எது அசல் என்று தெரிந்தால் ஆளிலும் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

நகைக்கடைத் தெருவில் உலோகங்களைச் சோதித்துச் சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள், படித்தவள், பெரிய நுண்ணோக்கி வைத்திருந்தாள். தையற்காரி இரண்டு காசையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சோதனைக்காரி நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். புதியது பழையதை வைத்து வார்த்தது, அதில் சந்தேகமில்லை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "பழையதும் வார்ப்புதாங்க. ஊசி கீறின பள்ளத்துக்குள்ளயே குமிழி இருக்கு, பாருங்க. இதுக்கு மூலமா ஒண்ணு, உங்க கீறல் இல்லாம, எங்கயோ இருக்கணும்." தையற்காரி நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். குமிழிகள் இருந்தன. கல்யாணத்துக்கு முன்பே ரயிலில் வாங்கிய அந்தக் காசு, வாங்கிய அன்றே போலி. அப்படியானால் அன்று ரயிலிலிருந்து இறங்கி வந்து தன்னைக் கட்டிக்கொண்டவர்? சோதனைக்காரி தண்ணீர் கொடுத்தாள்.

கண்ணாடிக்காரர்களிடம் அவள் இதை மறைக்கவில்லை, மறைத்தாலும் அவள் முகம் சொல்லியிருக்கும். இருவரும் டப்பாவை மூடினார்கள். எதுவானாலும் அவர்கள் நேர்மையான மனிதர்கள். போலி என்று தெரிந்தபிறகு அசல் என்று சொல்லி ஒருவர் வீட்டில் வைத்திருப்பது அவர்கள் அகராதியில் கிடையாது. "அசலானவர் எங்கயோ இருக்கார். அவர் வந்தா நாங்க ரெண்டு பேரும் போயிடறோம். அதுதான் முறை," என்றார் நீலப் பொத்தான். வெள்ளைப் பொத்தான் தலையாட்டினார். அவள் கத்தினாள், தட்டை விட்டெறிந்தாள், ஒருவாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். அவர்கள் அசையவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்ற அந்தப் பிடிவாதம் மட்டும் இரண்டு பேரிடமும் குறையாமல் இருந்தது. அன்று முதல் தினமும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: "இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" அவள் இல்லை என்பாள். அதன்பிறகுதான் இருவரும் கால் கழுவுவார்கள்.

அவளோ அன்று முதல் தெருவில் போகிற ஆண்களின் காதைப் பார்க்க ஆரம்பித்தாள். மோவாயில் தழும்போடும், காதில் வெட்டு இல்லாமலும் ஒருவர் வருவார். வந்தால் வீடு காலி. அசல் வந்து சேர வேண்டும் என்று ஆசைப்படுவதா, வந்து தொலையக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படியே சில வருஷங்கள் போயின. அதற்குள் நீலப் பொத்தானுக்குக் கண்ணாடி தீட்டும் இயந்திரத்தில் கட்டைவிரல் நகம் பாதி போய் வளைந்து முளைத்தது. வெள்ளைப் பொத்தானுக்கு முன்பல் ஒன்று உடைந்தது, அதிலிருந்து சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். ஒருவர் காசுகளைத் தொடுவதையே விட்டுவிட்டுச் செடி வளர்த்தார். மற்றவர் முன்னைவிட அதிகமாகக் காசு பேசினார், ஆனால் ஒன்றும் வாங்கவில்லை. ஒருவர் குறட்டை விட்டார், மற்றவர் விடவில்லை. பொத்தான் இல்லாமலே அடையாளம் தெரிந்தது. இருந்தும் மாலையில் கேள்வி மட்டும் ஒன்றாகவே வந்தது.

ஒரு முற்பகலில் தண்டவாளத்தில் ஏதோ கோளாறு என்று தொலைதூர ரயில் ஒன்று இந்த நிலையத்தில் நின்றுபோயிற்று. பயணிகள் இறங்கிச் சாலையெல்லாம் திரிந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்ட டிக்கெட் பரிசோதகர் ஒருவர், பொத்தான் அறுந்துவிட்டது என்று தையற்கடைக்குள் வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மோவாயில் தழும்பு. இடது காது மடல் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. ஊசி அவள் விரலில் ஏறியது. பரிசோதகர், "பார்த்தும்மா," என்றார், அப்படியே அவள் புருஷன் குரல்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது உள்பையும் ஓட்டையாக இருந்தது. அவர் பையிலிருந்ததையெல்லாம் மேசைமேல் எடுத்துவைத்தார்: பேனா, டிக்கெட்டில் துளை போடும் கருவி, கைக்குட்டையில் முடிந்த ஒரு வெள்ளிக் காசு. பார்க்கலாமா என்று அவள் கேட்டாள், எடுத்துப் பாருங்கள் என்றார். நூல் கோக்க வைத்திருந்த லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள். மூக்கன்தான். கழுத்து முழுசாக, ஊசி படாமல் இருந்தது. எழுத்தின் ஓரங்கள் வெட்டினாற்போல நின்றன, குமிழி ஒன்றுகூட இல்லை, விளிம்பில் ஒட்டுக்கோடு இல்லை.

"எல்லாரும் போலின்னு சொல்றாங்க. ரயில்ல வாங்கினதாச்சே," என்றார் பரிசோதகர்.

"அசல்தாங்க," என்றாள் அவள். இதில் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"எப்படிச் சொல்றீங்க?"

"வீட்டுல ரெண்டு போலி இருக்கு. பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு."

அவர் சிரித்தார். அந்தக் காசுதான் தன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது என்று தானாகவே சொன்னார். கல்யாணம் பேச ஒரு பெண்ணைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாராம். காசை வாங்கிய கையோடு, பக்கத்திலிருந்தவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாராம். கண் திறந்தபோது தலை ஜன்னலோரம் இருந்தது, இறங்க வேண்டிய ஊர் எப்போதோ போயிருந்தது. எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று கூச்சப்பட்டு அப்படியே கடைசி நிலையம்வரை போனவருக்கு ரயிலிலேயே வேலை கிடைத்தது. "கல்யாணம்?" என்று கேட்டாள். "அது அந்த ஸ்டேஷனோட போச்சும்மா. பாவம் அந்தப் பொண்ணு, காத்திட்டு இருந்திருக்கும். வேற யாராவது வந்திருப்பாங்க."

"வந்தாங்க," என்று சொல்லிவிட்டாள். பிறகு, "வந்திருப்பாங்க," என்று திருத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி லாரியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தான். முதுகைப் பார்த்து, "அத்தான், கோட்டெல்லாம் பலமா இருக்கே!" என்று தோளில் தட்டினான். பரிசோதகர் திரும்பினார். தம்பி அவர் முகத்தைப் பார்த்தான், காதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தான். "ஆள் தெரியாம தட்டிட்டேன் சார், மன்னிச்சுக்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே போய் லாரியின் படியில் உட்கார்ந்தான். இரண்டு கடை தள்ளி வெள்ளைப் பொத்தான் யாருக்கோ கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் கூப்பிடவில்லை. பொத்தானை வைத்து இறுக்கித் தைத்தாள், பையின் ஓட்டையை அடைத்தாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கூலியையும் வாங்கிக்கொண்டாள், வேண்டாமென்றால் சந்தேகம் வந்திருக்கும். ரயில் ஊதியது. "காசைப் பத்திரமா வச்சுக்குங்க. யார் என்ன சொன்னாலும் அதைத் தேய்க்காதீங்க," என்றாள். அவர் கும்பிட்டுவிட்டு ஓடினார். அந்த நல்ல மனிதரை, ஒரு கீறலும் படாமல் இத்தனை வருஷம் தனியாக ரயிலில் போய்வந்துகொண்டிருப்பவரை நினைத்து, துணி போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால் நின்று அவள் அழுதாள். போய்விட்டாரே என்று அழுதாளா, போய்விட்டார் என்ற நிம்மதியில் அழுதாளா என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மாலையில் இருவரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. இருவரும் செருப்பில் பாதிக் காலோடு நின்றார்கள்.

"நீங்க அன்னிக்கு ரயில்ல தூங்கிட்டீங்களே, இங்க இறங்கணும்னு எப்படி முழிச்சீங்க?" என்று கேட்டாள்.

இருவரும் யோசித்தார்கள். அந்தக் கேள்வியைத் தவிர்த்துப் பார்த்தால், சில வருஷங்களுக்குப் பிறகு ஒரே நேரத்தில், ஒரே குரலில், "தெரியல. உன்னைப் பாக்கணும்னு இருந்துச்சு, முழிப்பு வந்திடுச்சு," என்றார்கள்.

"ஒரு டிக்கெட் பரிசோதகர் வந்தார். பொத்தான் தைச்சுக் கொடுத்தேன்," என்றாள். "அவர் இந்த ஊர்ல இறங்கற ஆள் இல்ல. இனிமே கேக்காதீங்க."

நீலப் பொத்தான் வெள்ளைப் பொத்தானைப் பார்த்தார். வாய் திறக்கப் போனார், பிறகு வேண்டாமென்று விட்டு, கால் கழுவப் போனார். மற்றவரும் பின்னாலேயே போனார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டு மூக்கன்களையும் கண்ணாடிக்காரர்கள் கடையில் எல்லாரும் பார்க்கும்படி வைத்து, கீழே பெரிய எழுத்தில் போலி என்றும் விற்பனைக்கு இல்லை என்றும் எழுதினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முற்றத்தில் நாற்காலி போட்டு, ஒருவர்பின் ஒருவராக இருவருக்கும் முடி வெட்டிவிட்டாள். காதோரம் வந்தபோது, கத்தரிக்கோலை மெதுவாகத் திருப்பிக்கொண்டாள்.